"நான் பாத்துக்கிறேன்" என்றாள் மூன்றாம் மாடிக்காரி

மூன்றாம் மாடி லீடர் ஒரு முதலாமாண்டுப் பெண்ணை அறை வாசலில் நிறுத்திவைத்து அழ அழ மிரட்டினாளாம். பயந்துபோன அந்தப் பெண் மறுநாள் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாளாம். மாணவியர் விடுதியின் சலவை அறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் முதல் மாடிக்காரி. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவள் வேறு யாருமில்லை, அந்த மூன்றாம் மாடி லீடரேதான்.

விடுதிக்கு வந்து சில நாளே ஆன முதல் மாடிக்காரிக்கு அது தெரியாது. ஈரத் துணியை இயந்திரத்திலிருந்து உருவி வாளியில் போட்டபடி, "டார்ச்சர் அக்கான்னு பேராம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுமாம்" என்றாள்.

லீடர் எதிரே இருந்த இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டாள். சுழலும் போர்வைக்கு மேல் அது எப்போதும்போல்தான் இருந்தது. கொஞ்சம் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"என் ரூம்மேட். மூணாம் மாடியில ரேடியோன்னு ஒருத்தி இருக்காளாம், அவ சொன்னாளாம். ரேடியோ தன் காதாலயே கேட்டாளாம். 'உன்ன நான் பாத்துக்கிறேன்'னு ரவுடி மாதிரி சொன்னாளாமே அந்தம்மா. ஆமா, நீங்க எந்த மாடி?"

"மேல" என்றாள் லீடர். துணி பாதிதான் துவைத்து முடிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

உண்மையில் அவளுடைய பட்டப்பெயர் டார்ச்சர் இல்லை, டார்ச். அது வந்த கதை விடுதியில் பழையவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் லீடரான புதிதில் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. மணி அடித்தால் லீடர்கள் டார்ச் விளக்கை ஏற்றிக்கொண்டு தம் மாடிப் பெண்களைப் படியிறக்கி வெளியே கொண்டுவர வேண்டும் என்பது விதி. இவள் விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், புல்தரைக்கு நடுவே எரியும் டார்ச்சோடு நின்று தலை எண்ணினாள். வார்டன்கூடச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் டார்ச். சிரித்தவர்களோடு அவளும் சிரித்தாள். அப்படிப்பட்ட பெயருக்கு இப்போது யாரோ ஒரு வால் ஒட்டிவிட்டார்கள்.

டார்ச்சின் வேலை என்னவென்று கேட்டால் அவளாலேயே சரியாகச் சொல்ல முடியாது. குளியலறையில் தலைமுடி அடைத்துக்கொண்டால் அவளைக் கூப்பிடுவார்கள். விளக்கு எரியாவிட்டால் அவள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் அவள். ஒருத்திக்கு மின்விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், கூட இருப்பவளுக்குச் சுற்றவே கூடாது என்றால் நடுவில் நின்று பஞ்சாயத்துப் பண்ணுவதும் அவள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு: "நான் பாத்துக்கிறேன்." சொன்னால் பார்த்துக்கொள்வாள். மதிய வேளைகளில் கீழே முன்மேசையில் அமர்ந்து பார்சல்களைப் பிரித்து அடுக்குவாள், வந்தவர்களை விசாரிப்பாள், போன் எடுப்பாள்.

இதற்கெல்லாம் கூலி மூன்றாம் மாடியின் மூலையில் ஒரு தனி அறை. மழை பெய்தால் கதவு உப்பிக்கொண்டு திறக்காது, தோளால் இடித்துத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் அதில் ஒரு நீள மேசை இருந்தது. கட்டடக்கலை படிக்கிறவளுக்கு நீள மேசை என்றால் சொர்க்கம். அட்டையிலும் மெல்லிய மரச் சீவலிலும் அவள் கட்டிய வீடுகள், படிக்கட்டுகள், பாதி முடிந்த ஒரு நூலகம் எல்லாம் அந்த மேசையில்தான் நின்றன.

வீட்டில் அப்படி ஒரு மேசைக்கு வழியே இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிச் சீருடைகள் தைக்கிறார். தையல் இயந்திரம், துணி மூட்டை, தம்பியின் சைக்கிள் எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் நால்வரும் படுப்பது. "ஊருக்கெல்லாம் வீடு கட்டுற. நாம காலை நீட்டிப் படுக்கிற சைசுல ஒண்ணு கட்டேன்" என்று அப்பா கிண்டலடிப்பார். லீடர் வேலை போனால் அறையும் போகும். விடுதிக் கட்டணம் கட்ட வசதியில்லை, அப்புறம் ஊரின் மறுகோடியில் அத்தை வீடுதான் கதி. பஸ் மாறி மாறி, நெரிசலில் அட்டை வீட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அத்தையின் வாண்டுகள் இருவரும் அதைக் கண்டால் ஒரே நாளில் தரைமட்டம். இறுதியாண்டு வேலை முழுக்க மாதிரிக் கட்டடங்கள் செய்வதுதான் என்பதால், அறை இல்லாமல் படிப்பை முடிப்பது நடக்கிற காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டுக்கு யார் யார் லீடர்கள் என்று வார்டன் பெயர் கொடுக்கும் வாரமும் இதுதான்.

சலவை அறையிலிருந்து படியேறும்போதே அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த வார்த்தையை அவள் சொன்னது உண்மை. ரேடியோ இட்டுக்கட்டவில்லை.

அந்த முதலாமாண்டுப் பெண்ணை மாடியில் 'மியூட்' என்பார்கள். யாரோடும் பேச மாட்டாள். கேட்டால் தலையாட்டுவாள், இல்லாவிட்டால் புன்னகைத்துவிட்டுப் போய்விடுவாள். திமிர் பிடித்தவள் என்று பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் டார்ச் முன்மேசையில் இருக்கும் நேரங்களில் அவள் தானாக வந்து பக்கத்தில் அமர்ந்து பார்சல்களை அறைவாரியாக அடுக்கித் தருவாள். அதையும் ஊர் சும்மா விடவில்லை, 'டார்ச்சுக்கு எடுபிடி' என்றது. ஒன்றே ஒன்றைத்தான் டார்ச் கவனித்து, காரணம் புரியாமல் இருந்தாள். மேசைமேல் போன் அடித்தால் அந்தச் சின்னவள் சுடுபாத்திரத்தைத் தள்ளுவதுபோல் அதை டார்ச் பக்கம் தள்ளிவிடுவாள்.

விடுமுறைக்கு முந்தைய நாள் மத்தியானம் காரணம் தெரிந்தது. வகுப்புக்குப் போன சின்னவள் பாதியில் திரும்பிவந்து அறையைத் தாழிட்டுக்கொண்டாள் என்று கேள்விப்பட்டு டார்ச் போய்க் கதவைத் தட்டினாள். கதவு பாதி திறந்தது. உள்ளே கட்டில்மேல் துணிகள் பாதி மடித்தும் மடிக்காமலும் கிடந்தன. விடுதியைக் காலிசெய்துவிட்டுப் போகப்போவதாக அவள் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. முதல் எழுத்திலேயே குரல் மாட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் முட்டும், அதன் பிறகுதான் வார்த்தை வரும். அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திப் பேச வேண்டியிருந்தது. பெயரிலேயே நின்றுபோனாள். யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் விடுமுறை முடிந்து மறுபடி பேசச் சொன்னார். அது அன்பாகச் சொன்னதுதான், ஆனால் அவளுக்கு அது தண்டனையாகப் பட்டது.

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வந்துடும் அக்கா. என் பேர்தான் வராது" என்று அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். "போன்ல முதல்ல யாருன்னுதான் கேப்பாங்க. அதான் போனே எடுக்கறதில்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டார்ச்சுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆறுதல் சொல்ல நினைத்தால் அவள் குரல் அதட்டலாகத்தான் வரும். அது அப்பாவிடமிருந்து வந்தது. லாரியின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். பாதி திறந்த கதவில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"நீ எப்படிப் போறேன்னு நானும் பாக்கிறேன். இங்க நடந்தது ஒரு வார்த்தை வெளிய போகாது. இனிமே உன்ன நான் பாத்துக்கிறேன். புரிஞ்சுதா?"

சின்னவள் விக்கி விக்கி அழுதபடியே தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு விடுமுறை முடிந்ததும் வந்துவிட வேண்டும், வந்த பிறகு அந்தப் பேச்சை இருவரும் மூலை அறையில் அட்டை வீடுகளுக்கு முன் ஒத்திகை பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. "வீடுங்க சிரிக்காது" என்றாள் டார்ச். அதற்குச் சின்னவள் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்கு முன்பே ரேடியோ பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். நீர் வடிகட்டி அந்த அறைக்கு எதிரேதான் இருந்தது.

சலவை அறைப் பேச்சுக்கு மறுநாள் வார்டன் கூப்பிட்டனுப்பினார். அவர் அறை முன்மேசைக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்தது. ஜன்னலோரம் தொட்டிச் செடிகள், மேசைமேல் கறுப்பு நிற போன். வார்டன் கெட்டவர் இல்லை. எதையும் இரண்டு முறை கேட்பவர், அவ்வளவுதான். பதில் இரண்டு தடவையும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பார்.

"அவகிட்ட என்ன சொன்ன?"

"உன்ன நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன் மேடம்."

"என்ன சொன்ன?"

"பாத்துக்கிறேன்னு."

"ஆக, சொல்லியிருக்க."

"சொன்னேன் மேடம். ஆனா அது நீங்க நினைக்கிற பாத்துக்கிறேன் இல்ல. இது வேற பாத்துக்கிறேன்."

வார்டன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எங்க, ரெண்டையும் சொல்லிக் காட்டு."

டார்ச் சொல்லிக் காட்டினாள். இரண்டும் ஒன்றுபோலவே வந்தன. மெதுவாக, அன்பாகச் சொல்ல முயன்ற இரண்டாவதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது. வார்டனின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் எதற்காக அழுதாள் என்று கேட்டார். அது அவள் விஷயம், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள் டார்ச். சரி, அப்படியானால் நானே அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்று வார்டன் கையை நீட்டினார்.

"போன் மட்டும் வேணாம் மேடம்" என்று டார்ச் பதறிவிட்டாள்.

நீண்ட கை அப்படியே நின்றது. சொன்ன கணத்திலேயே தான் என்ன செய்துவிட்டோம் என்று டார்ச்சுக்கு உறைத்தது. மிரட்டியவள்தானே பேசவிடாமல் தடுப்பாள்? மெசேஜ் அனுப்பிக் கேளுங்களேன் என்று மென்று விழுங்கினாள். மெசேஜை யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதவைக்கலாம், அவள் குரலில் கேட்டால்தான் எனக்கு நிம்மதி என்றார் வார்டன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்.

"நானா கூப்பிட்டா அந்தப் பொண்ணு இன்னும் பயந்துடும். அவளா கூப்பிடட்டும். நாளைக்கு மத்தியானம் பேருங்க ஆபீசுக்குப் போகுது. அதுக்குள்ள அவ என்கிட்டப் பேசினா உன் பேர் இருக்கும். இல்லேன்னா எனக்கு வேற வழியில்லம்மா."

அறைக்கு வந்து கதவைத் தோளால் இடித்துத் திறந்து நூலகத்துக்கு எதிரே அமர்ந்தாள். ஒரு மெசேஜ் போதும். 'வார்டனுக்கு ஒரு போன் பண்ணிடு' என்று அடித்தாள், அழித்தாள். 'முடிஞ்சா மட்டும்' என்று சேர்த்து அடித்தாள், அதையும் அழித்தாள். பெயர் சொல்லத் திணறி வகுப்பைவிட்டு ஓடிவந்தவளிடம், எனக்காக இதுவரை பேசியே பழகாத வார்டனிடம் போனில் பெயர் சொல்லு என்று எப்படிக் கேட்பது? கேட்டுவிட்டால் அப்புறம் இவள் பார்த்துக்கொண்டதற்கு என்ன அர்த்தம்? கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். பின்னணியில் தையல் இயந்திரம் கடகடத்தது. அறை விஷயம் என்னவாயிற்று என்று கேட்டார். "பாத்துக்கிறேம்மா" என்றாள் டார்ச். "ஒடம்பப் பாத்துக்கோ" என்றார் அம்மா. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறோமே என்று டார்ச்சுக்குச் சட்டெனச் சிரிப்பு வந்தது. எதற்கடி சிரிக்கிறாய் என்று அம்மா கேட்க, ஒன்றுமில்லை என்றாள்.

போனை வைத்துவிட்டு நேரே ரேடியோவைத் தேடிப் போனாள். ரேடியோ வடிகட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், அங்கேதான் எப்போதும் இருப்பாள். டார்ச்சைக் கண்டதும் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"அன்னிக்கு என்ன கேட்ட, அப்படியே சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

ரேடியோ சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை. எப்படிப் போறேன்னு பாக்கிறேன், ஒரு வார்த்தை வெளிய போகாது, உன்ன நான் பாத்துக்கிறேன், புரிஞ்சுதா. தண்ணீர் இரைச்சலுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே அழுகைச் சத்தத்தோடு கேட்டால் யாருக்கும் ரத்தம் உறைந்துவிடும். கேட்டு முடித்த டார்ச் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க? பயமா இருக்கு."

"நானா இருந்தாலும் போலீசுக்குத்தான் போயிருப்பேன்டி" என்றாள் டார்ச். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் அம்மா சொல்லும் 'பாத்துக்கோ'வைப் பற்றிச் சொன்னாள்.

ரேடியோவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அய்யோ, அந்தப் பாத்துக்கிறேனா? அப்ப அவ எதுக்கு அழுதா?"

"அது அவ விஷயம்."

"அப்ப வார்டன் உங்களை..."

வார்டன் சொன்ன கெடுவை டார்ச் சொன்னாள். அதோடு, இதை அந்தப் பெண்ணின் காதுக்குக் கொண்டுபோகாதே என்றும் சொல்லிவைத்தாள். ரேடியோ தலையைப் பலமாக ஆட்டினாள். ரேடியோவிடம் போய் ஒலிபரப்பாதே என்று சொல்வதில் எவ்வளவு பயன் உண்டோ அவ்வளவு பயன்தான் அதில் இருந்தது.

மறுநாள் மத்தியானம். விடுமுறையென்பதால் விடுதி காலியாக இருந்தது. டார்ச் முன்மேசையில் பார்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வார்டனின் நாற்காலியும் காலியாக இருந்தது. மேலே ஏதோ ஒரு மாடியில் குழாய் உடைந்து, குழாய்க்காரரோடு அதைப் பார்க்கப் போயிருந்தார். ஆபீசுக்குப் போக வேண்டிய உறை மேசைமேல் ஒட்டப்படாமல் இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க டார்ச் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

கைபேசி அதிர்ந்தது. சின்னவளின் மெசேஜ்.

'அக்கா, ரேடியோ எல்லாம் சொல்லிட்டா. ஏன் என்கிட்ட சொல்லல? கோவமா வருது. நான் வார்டனுக்குப் போன் பண்ணப் போறேன். காலைலேருந்து கண்ணாடி முன்னாடி நின்னு பேர் சொல்லிப் பாத்துட்டு இருக்கேன். நீங்க எடுத்துடாதீங்க. உங்க குரல் கேட்டா நான் உங்ககிட்டயே பேசிட்டு வச்சுடுவேன். அவங்கதான் எடுக்கணும்.'

டார்ச் பதில் அடிக்கத் தொடங்குவதற்குள் வார்டனின் கறுப்பு போன் அடித்தது.

அவர் அறையில் ஆள் இல்லாவிட்டால் முன்மேசையில் இருப்பவர் தன் போனிலேயே அந்த அழைப்பை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. விதி என்றால் பட்டப்பகலில் டார்ச் ஏற்றுகிறவள் அவள். கை தானாக நீண்டது. நீண்ட கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "மேடம்" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள். அப்பாவின் குரல். மேலே குழாய்க்காரர் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். "மேடம், போன்!"

போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

டார்ச் அசையவில்லை. ஒரு தடவை எண்ணை அழுத்துவதற்கே காலையிலிருந்து கண்ணாடி முன் நின்றவள் இன்னொரு தடவை அழுத்துவாளா? அழுத்தாவிட்டால் அவளை யார் குறை சொல்ல முடியும்? மேலே தட்டும் சத்தம் நின்றிருந்தது. வார்டனின் செருப்பு படிகளில் இறங்கும் ஓசை கேட்டது. என்னம்மா, ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று அவர் கேட்டுக்கொண்டே வருவதும் கேட்டது. ஒட்டாத உறை மேசைமேல் காற்றில் லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது.

அப்போது போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

"உங்களுக்குத்தான் மேடம்" என்றாள் டார்ச். "கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. அவசரப்படுத்தாதீங்க."

வார்டன் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி கண்ணாடிக் கதவைத் தள்ளினார். செடிகளைத் தாண்டி, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவர் மேசையை நெருங்கிக்கொண்டிருந்தார். டார்ச் இரு கைகள்மேலும் உட்கார்ந்திருந்தாள். போன் விடாமல் அடித்துக்கொண்டேயிருந்தது.